சாரதிக்கு இடமில்லாத கார்

அச்சுவேலியில் கலியாணத்துக்கு நாள் பார்க்கும் சாத்திரியார், பஞ்சாங்கத்தை விரிக்குமுன், "அண்டைக்குத் தம்பிராசாவுக்கு வசதியோ எண்டு கேட்டனியளோ?" என்பார். நம்பாதவர்கள் அவரிடமே போய்க் கேட்கலாம். இல்லை என்றுதான் சொல்லுவார். தொழில் இரகசியம் அல்லவா.

தம்பிராசா மாப்பிள்ளைக் கார் ஓட்டுபவர். கார் அவருடையதல்ல. அது செல்வநாயகத்தின் பழைய வெள்ளை ஒஸ்ரின். கலியாணங்களுக்கு வாடகைக்கு விடப்படுவது. ஆனால் சனம் காரைப் பேசுவதில்லை, தம்பிராசாவைத்தான் பேசிவைக்கும். காரணம், அவருடைய கைராசி. இளந்தாரியாய் அவர் முதன்முதல் ஏற்றிப்போன சோடிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. அடுத்த சோடிக்கும் இரட்டை. மூன்றாவது சோடிக்கு மூன்று என்று சொல்லுவார்கள். அந்த மூன்றையும் ஓரிடத்தில் நிற்க நான் கண்டதில்லை. மூன்றாவது எப்போதும் ரியூசனுக்குப் போயிருக்கும். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று தாலி கட்டிய பிறகும் அழுதுகொண்டு காரில் ஏறிய பிள்ளை ஒன்று, தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் அவர் ஒரு பிரேக் பிடித்ததோடு மனம் மாறி, இன்றைக்கு அந்த மாப்பிள்ளையை வாசலைத் தாண்ட விடுவதில்லை. இப்படியே கதை வளர்ந்தது. வளர்த்தவர்களில் நானும் ஒருத்திதான்.

கதைகளைச் சொல்லிவிட்டு நாங்கள் பந்தலுக்குள் போய்விடுவோம். தம்பிராசா வெளியே காருக்குள் இருப்பார். விடியமுன் எழும்பி, காரைத் துடைத்து, பூ கட்ட விட்டு, மாப்பிள்ளையை ஏற்றி இறக்கி, பிறகு வெயிலில் காவல். உள்ளே மேளம் இறுகும்போது தாலி ஏறுகிறது என்று அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் அவர் கண்ட கலியாணம். கடைசிப் பந்தியும் எழும்பின பிறகு யாராவது ஒரு பார்சலைக் கொண்டுவந்து யன்னலால் நீட்டுவார்கள். கத்தரிக்காய்க் கறி ஆறிப்போயிருக்கும். பாயாசத்தில் முந்திரி இருக்காது. வாழ்நாளில் ஒரு கலியாண வீட்டிலும் அவர் இலைக்கு முன்னால் இருந்து சாப்பிட்டதில்லை.

சொந்த மகள் தர்சினியின் கலியாணத்திலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நேரே செல்வநாயகத்திடம் போய், "தம்பிராசா ஓடினால்தான் எங்கடை பொடியன் காரிலை ஏறுவான்" என்றுவிட்டார்கள். பொம்பிளையின் தகப்பனே மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்தார். காரை நிறுத்திவிட்டுக் கிணற்றடிப் பக்கமாக ஓடி, கால்சட்டையைக் கழற்றி வேட்டியைக் கட்டிக்கொண்டு, மணவறையில் வந்து நின்று மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். பெற்றோல் மணத்தில் ஐயருக்கு ஒருமுறை தும்மல் வந்தது. அது முடிய மறுபடி ஓடிப்போய்க் கால்சட்டை. பொம்பிளை புறப்படும்போது தாய் கனகாம்பிகை வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பிராசாவுக்கும் அழுகை வந்தது. ஆனால் ஸ்ரியறிங் பிடித்திருப்பவன் அழுதால் தெரு தெரியாது. அடக்கிக்கொண்டு ஓட்டினார்.

அந்த வருடத்திலிருந்து அவர் ஒவ்வொரு வருடமும் கேட்டார்.

"அண்ணை, போதும். முழங்கால் கிளச்சை மிதிக்க விடுகுதில்லை. வேறை ஆரையும் பாருங்கோ."

"சரி சரி, இந்த ஆவணி மட்டும்" என்பார் செல்வநாயகம். ஆவணி போனால் தை. தை போனால் வைகாசி. செல்வநாயகம் கெட்ட மனுசன் அல்ல. வருத்தம் என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பார், காருக்குள் பஞ்சு மெத்தை போட்டுக் கொடுப்பார். ஓட்டத்தை விடுவதைத் தவிர எதைக் கேட்டாலும் கொடுப்பார். தம்பிராசாவும் சண்டை பிடித்துப் போகிற ஆள் அல்ல. களைத்த மனிதனுக்குச் சண்டையும் ஒரு வேலைதானே.

பிறகு ஒஸ்ரின்தான் முதலில் ஓய்ந்தது. அடித்தகடு கறள் பிடித்து உக்கி, ஒருநாள் மாப்பிள்ளையின் காலடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த மாப்பிள்ளை பாதித் தூரம் காருக்குள் இருந்தபடியே நடந்து வந்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதுவும் என்னுடையதுதான். ஒஸ்ரினைக் கொழும்பு ஹோட்டல்காரர் ஒருவர் வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்க வாங்கிப்போனார். தம்பிராசாவுக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி. கார் இல்லையென்றால் ஓட்டமும் இல்லை.

அந்த நிம்மதி ஒரு கிழமை நின்றது. வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்க மறுபடி அனுமதி வந்த காலம் அது. செல்வநாயகம் ஒரு பின்னேரம் மனைவி இரத்தினம்மாவோடு வந்து இறங்கினார்.

"தம்பிராசா, இனி ஸ்போட்ஸ் கார்தான். வெளியிலையிருந்து கலியாணத்துக்கு வாற பிள்ளையள் உதைத்தான் கேக்குதுகள். புதுசோ பழசோ, பாத்து ஒண்டு எடுப்பம். தெரிவு உன்ரை."

"எனக்கென்னத்துக்கு அண்ணை தெரிவு?"

"நீதானே ஓடப்போறாய்!"

கனகாம்பிகை தேத்தண்ணீரை வைத்துவிட்டுத் தம்பிராசாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தன் முழங்காலைப் பார்த்தார்.

செல்வநாயகம், இரத்தினம்மா, தம்பிராசா மூவரும் கார் பார்க்கப் புறப்பட்டார்கள். இரத்தினம்மா ஒரு பெரிய பிஸ்கட் ரின்னை மடியில் வைத்திருந்தா. உள்ளே மாப்பிள்ளைத் தலைப்பாகை. எங்கள் மாப்பிள்ளைமாரின் தலைப்பாகை நல்ல உயரம், மேலே ஒரு குஞ்சமும் உண்டு. காரின் அழகு, வேகம், எஞ்சின் எல்லாம் அதற்குப் பிறகு. முதலில் தலைப்பாகை உள்ளே போகவேண்டும். இரத்தினம்மாவின் கணிப்பு அது, நியாயமும்தான்.

முதலாவது, யாழ்ப்பாண நகரத்து வாகன விற்பனை நிலையம் ஒன்றில் நின்ற புத்தம்புதுக் கார். கறுப்பு. இரண்டு கதவு, வழுகி இறங்கும் கூரை, சிறுத்தை பதுங்கினதுபோலத் தரையோடு ஒரு பதிவு. செல்வநாயகம் தலைப்பாகையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே ஏறினார். குஞ்சம் கூரையில் முட்ட, தலைப்பாகை மூக்குவரை இறங்கிவிட்டது. கழுத்தை மடித்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சாருங்கோ, இறங்குங்கோ" என்றா இரத்தினம்மா. "மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டு வந்தால் பொம்பிளை வீட்டார் என்ன நினைப்பினம்? ஏதோ பிழை செய்துபோட்டு வாறான் எண்டெல்லோ நினைப்பினம்!"

விற்பனைக்கு நின்ற பிள்ளை சிரிப்பை அடக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

இரண்டாவது, சாவகச்சேரியில் ஒருவர் பாவித்த மஞ்சள் கார். கூரை சற்று உயரம், தலைப்பாகை போயிற்று. பின்னாலும் இருக்கை இருந்தது. ஆனால் பின் இருக்கைக்குப் போவதென்றால் முன் இருக்கையை மடக்கிக்கொண்டு தவழவேண்டும். இரத்தினம்மா பொம்பிளையாகத் தவழ்ந்து உள்ளே போனா. வெளியே வர மாட்டாமல் போனா. ஒரு கையைத் தம்பிராசாவும் மறு கையைச் செல்வநாயகமும் பிடித்து இழுத்தார்கள்.

"கூறையோடை ஒரு பிள்ளையை இப்பிடி இழுத்தெடுத்தால் ஆராத்தி எடுக்கிறதோ, அம்புலன்ஸுக்கு அடிக்கிறதோ?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டா.

மூன்றாவது கார் கொழும்புத்துறையில், கடலேரியைப் பார்த்த வீடு ஒன்றில் நின்றது. வீட்டுக்காரர் ஒரு டொக்டர். ஐம்பது வயதானபோது ஓர் ஆசையில் வாங்கியிருக்கிறார். கடும் பச்சை, சின்ன ஜப்பான் கார். கூரை என்று ஒன்றும் இல்லை, வேண்டுமென்றால் இழுத்து மூடக் கறுத்த படங்குத் துணி ஒன்று மடங்கிக் கிடந்தது.

"ஏன் ஐயா விக்கிறியள்?" என்று செல்வநாயகம் கேட்டார்.

"கூரை இல்லைத்தானே" என்றார் டொக்டர் சோர்வாக. "சந்தியிலை நிண்டால் சனம் கிட்ட வந்து நாக்கை நீட்டிக் காட்டுது. ஒருத்தர் போட்டிருந்த சேட்டையும் கழற்றிப்போட்டார். நான் இனி மூடின கார்தான்."

தலைப்பாகைக்கு வானம்தான் எல்லை. செல்வநாயகம் இடப்பக்கத்தில் ஏறி நிமிர்ந்து இருந்தார். கடலேரிக் காற்றில் குஞ்சம் ஆடியது. இரத்தினம்மா வலப்பக்கத்தில் ஏறி, ஸ்ரியறிங்கைச் சுளகு பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டா. சேலை எங்கும் மாட்டவில்லை. கொண்டை எங்கும் இடிக்கவில்லை. டொக்டர் ஒரு படம் எடுத்தார். படத்தில் இருவரும் இப்போதுதான் தாலி கட்டினவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"இதுதான்!" என்றா இரத்தினம்மா. "பொம்பிளை மாப்பிள்ளை ரெண்டு பேரும் அச்சா வடிவாய் இருக்கலாம்."

தம்பிராசா படத்தைப் பார்த்தார். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். இரண்டு இருக்கை. பின்னால் படங்கு மடிக்கிற இடம், அதற்குப் பின்னால் சாமான் போடும் பெட்டி. வேறு ஒன்றும் இல்லை. கூறைக்கு இடம் பார்த்தார்கள், கொண்டைக்குப் பார்த்தார்கள், குஞ்சத்துக்குப் பார்த்தார்கள். காரை ஓட்டுகிறவனும் ஓர் இடத்தில் இருக்கவேண்டும் என்பது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருடமும் அவர் இருந்த இடம் அவர்கள் கண்ணில் பட்டதேயில்லை போலும்.

கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தோளில் நெடுநாள் சுமந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடித்ததுபோல இருந்தது.

டொக்டர் தொடங்கினார். "அது சரி, கலியாணத்துக்கெண்டால் அப்ப ஓடுறது…"

"பற்றரி எப்ப மாத்தினது, ஐயா?" என்றார் தம்பிராசா.

"பற்றரியோ? போன வருசம். நான் கேக்கிறது என்னெண்டால்…"

"ரயர் நாலும் ஒரே வயதோ?"

டொக்டர் அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். நோயாளியின் முகம் படித்துப் பழகிய மனிதர். பிறகு ரயரைப் பற்றியே பேசினார்.

"என்ன தம்பிராசா, எப்பிடி?" என்றார் செல்வநாயகம்.

"இதையே எடுங்கோ அண்ணை."

பின்னேரம் வீட்டில் கனகாம்பிகை கேட்டாள், "எத்தினை பேர் இருக்கலாம்?"

"ரெண்டு பேர்."

அவள் அரிக்கன் சட்டியில் கல் போக அரிசியை அரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அப்ப நீங்கள்?"

தம்பிராசா முழங்காலைத் தடவினார்.

"ஐயோ கள்ளன்!" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இஞ்சாருங்கோ, சபையிலை வைச்சு அந்த மனுசன் முழிக்கப்போகுது. முதலே சொல்லிப்போடுங்கோ."

"சொன்னால் வேறை கார் எடுப்பார். நாலு சீற் கார்."

"எடுக்கட்டுமேன். உங்களுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோவன்."

"எத்தினைதரமப்பா சொல்லுறது?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். கனகாம்பிகை அரிசியை மறுபடி அரித்தாள்.

ஆனாலும் அவருக்கு நித்திரை வரவில்லை. கார் வந்து சேர்ந்த பிறகு இரண்டுமுறை செல்வநாயகம் வீட்டுப் படலைவரை போனார். முதல்முறை செல்வநாயகம் காரைத் தானே கழுவிக்கொண்டு, பாட்டும் பாடிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டார். அடுத்தமுறை உள்ளே போய், "அண்ணை, உந்தக் காரிலை ஒரு குறை இருக்கு" என்றார். "கண் பட்டுப்போம், குறை சொல்லாதை" என்று இரத்தினம்மா எலுமிச்சங்காய் எடுக்கப் போய்விட்டா. சொல்ல வந்தது அங்கேயே நின்றது.

முதல் கலியாணம் ஆவணியில். மாப்பிள்ளை லோஜன், நோர்வேயிலிருந்து வந்தவன். பொம்பிளை நிவேதனா, அச்சுவேலித் தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளையின் மகள். எனக்கு இரு வீட்டிலும் சொந்தம் என்பதால் இரண்டு பக்கத்துப் பலகாரமும் தின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

காலையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பச்சைக் கார் பூவோடு நின்றது. தம்பிராசா வலப்பக்கத்தில். லோஜன் தலைப்பாகையோடு இடப்பக்கத்தில். பொம்பிளையின் தம்பி கஜானன் தோழன். மாப்பிள்ளையோடு கூட இருந்து வரவேண்டியவன். பட்டுவேட்டியைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தான்.

"அப்ப நான்?"

லோஜன் தலைப்பாகையைச் சரிசெய்தான்.

"நீ வானிலை வா, மோனை" என்றார் ஒரு பெரியவர். கஜானன் பெரியம்மாமாருக்கு நடுவில், மடியில் பலகாரத் தட்டத்தோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அப்போதுதான் செல்வநாயகம் காருக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்று முதன்முதலாக மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தார். தாலி கட்டும்போது எல்லாரும் அறுகரிசி போட்டார்கள். அவர் கையில் அரிசியை வைத்துக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

"தம்பிராசா, போகேக்கை பொம்பிளை மாப்பிள்ளை ரெண்டு பேருமெல்லோ ஏறுவினம்?"

"ஓம் அண்ணை."

"அப்ப நீ?"

"ஓம் அண்ணை."

"என்னடாப்பா ஓம்?"

மேளம் வெளியே வந்துவிட்டது. பின்னால் சோடி, அதற்குப் பின்னால் முழுச் சபையும். நிவேதனா கதவைத் திறந்து இடப்பக்கத்தில் இருந்தாள். லோஜன் நின்றான். வலப்பக்கத்தில் ஓர் இருக்கை, அதன் பக்கத்தில் கார்த் திறப்பைக் கையில் வைத்தபடி தம்பிராசா. மேளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே நின்றார்கள்.

யோசனைகள் வந்தன. "மாப்பிள்ளையைப் பின்பெட்டிக்கு மேலை இருத்துவம், சுவாமி எழுந்தருளுற மாதிரி." "விழுந்தால்?" "பொம்பிளை மாப்பிள்ளையின்ரை மடியிலை இருக்கட்டும்." "டேய், பெரிய ஆக்கள் நிக்கினம்!" "மாப்பிள்ளையே ஓடட்டும், நோர்வேயிலை ஓடுறவர்தானே."

லோஜன் குனிந்து உள்ளே பார்த்தான். தலைப்பாகை சரிந்தது. "அங்கை ஸ்ரியறிங் மற்றப் பக்கம். இந்தக் கியரும் எனக்குப் பழக்கமில்லை" என்றான் மெதுவாக.

எல்லாரும் செல்வநாயகத்தைப் பார்த்தார்கள். அந்த மனிதர் வெயிலில் நின்ற மெழுகுதிரிபோலக் குறுகிப் போனார். இப்படி நடக்கும் என்று தம்பிராசாவுக்குத் தெரியும். பார்ப்பது வேறு.

"அண்ணை, நான் மாப்பிள்ளையை முதலிலை கொண்டுபோய் விட்டிட்டு, திரும்பிவந்து பொம்பிளையை…" என்று தொடங்கினார்.

"தாலி கட்டின கையோடை பிரிச்சு ஏத்துறதோ?" என்று மாப்பிள்ளையின் தாய் சீறினா.

நிவேதனா அலுத்துப்போனாள். விடியச் சாமம் எழும்பின பிள்ளை, பசி வேறு. இடப்பக்கத்திலிருந்து இறங்கி, காரைச் சுற்றி வந்து, கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ மாமா."

"பிள்ளை, நீயோ?"

"அப்பாவின்ரை லொறியிலை வெங்காயம் ஏத்திக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்கே போய்வாறனான். உது என்ன, ஒரு கடகம் அளவு கார்."

சபையில் சத்தம் எழும்பியது. பொம்பிளை ஓடுகிறதோ, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறதோ. ஆழ்வாப்பிள்ளை முன்னே வந்தார். மகள் ஓட்டுவதில் அவருக்கு ஒன்றும் இல்லை, அவர் கவலை வேறு.

"தம்பிராசாவின்ரை கைராசிக்குத்தானே இவ்வளவு நாளைக்கு முதலே சொல்லி வைச்சனாங்கள். அவர் கை படாமல் போறதோ?"

"படட்டும் அப்பா. மாமா, நீங்களே ஸ்ராட் பண்ணித் தாங்கோ."

தம்பிராசா உள்ளே இருந்து திறப்பைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. இறங்கினார். நிவேதனா கூறைச்சேலையை ஒரு பக்கம் ஒதுக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். லோஜன் இடப்பக்கத்தில் தலைப்பாகையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒரு குலுக்கலும் இல்லாமல் கார் நகர்ந்தது. மேளம் உசாராகிப் பின்னால் ஓடியது. அந்தப் பிள்ளை தெருமுனையில் ஒரு மாட்டுக்கு இடம் விட்டபோது மாடே ஒதுங்கி நின்று வாழ்த்தியது என்று நான் சொல்லிவருகிறேன். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

சனம் சிரித்துக்கொண்டு உள்ளே போயிற்று. வாசலில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் கிடந்தன. ஒன்றில் செல்வநாயகம் இருந்தார். மற்றதில் தம்பிராசா. நான் கை கழுவும் சாட்டில் பக்கத்தில் நின்றேன்.

செல்வநாயகம் தெருவைப் பார்த்தபடி கேட்டார். "நீ தெரிஞ்சுதானே செய்தனி?"

"ஓம்."

"என்னை நாலுபேருக்கு முன்னாலை முழிக்க வைச்சிட்டாய்."

"ஓம் அண்ணை. அது பிழைதான்."

"என்னை விடுங்கோ எண்டு வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

தம்பிராசா அவரைப் பார்த்தார். செல்வநாயகம் கண்ணை எடுத்துக்கொண்டார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த அறுகரிசியை ஒவ்வொன்றாக உதறினார்.

"கேட்டனிதான்" என்றார் கடைசியில். "ஒவ்வொரு வருசமும் கேட்டனி. நான்தான் காதிலை விழுத்தேல்லை."

உள்ளே அடுத்த பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது. மூளாய்ப் பக்கத்து மனிதர் ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தார்.

"தம்பிராசா அண்ணை, நல்லவேளை கண்டது. தையிலை எங்கடை மகளுக்குக் கலியாண எழுத்து. நீங்கள்தான் வரவேணும்."

தம்பிராசா வாயைத் திறந்தார். பழக்கத்தில் ஓம் என்றுதான் வந்திருக்கும்.

"அவர் வாறேல்லை" என்றார் செல்வநாயகம். "இனி ஓட்டம் இல்லை."

"அப்ப ஆர் ஓடுறது?"

"முதலிலை உன்ரை மகளுக்குக் கியர் போடத் தெரியுமோ எண்டு கேட்டுக்கொண்டு வா."

அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் போனார். தம்பிராசா கதிரையில் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. செல்வநாயகம் எழுந்து கையைக் கொடுத்தார்.

"வா. இலை போடுறாங்கள்."

"நான் பேந்து சாப்பிடுறன் அண்ணை."

"வாடாப்பா எண்டால்."

இருவரும் படியேறினார்கள். ஒவ்வொரு படியிலும் ஒருவருக்காக மற்றவர் நின்று நின்று.